அக்காவின் காற்றாடிப் போர்வை

என் கூட்டாளியின் புது லுங்கி சதுரம் சதுரமாக வெட்டுப்பட்ட அன்றுதான் அந்த மெஷின் எதற்கு என்பது எங்கள் தெருவுக்குத் தெரிந்தது.

அவன் வளைகுடாவில் ஒரு வெள்ளைக்கார மேடத்தின் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். மேடம் வேலையை முடித்துக்கொண்டு சொந்த நாட்டுக்குக் கிளம்பியபோது, மிச்சமிருக்கிற சாமான்களை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். இவன் மேடத்தை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சமையல்காரர் மைக்ரோவேவ் அடுப்பையும் தோட்டக்காரர் டி.வி.யையும் தூக்கிக்கொண்டார்கள். மிஞ்சியது கனத்த இரண்டு அட்டைப்பெட்டிகள். இவ்வளவு கனமாக இருந்தால் நல்ல சாமானாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் கார்கோவில் போட்டுவிட்டான். அவன் லீவில் அச்சன்புதூர் வந்து சேர்ந்த வாரத்தில் பெட்டிகளும் வந்து சேர்ந்தன.

பிரித்தால் சூட்கேஸ் மாதிரி ஒன்று. இரண்டு பக்கமும் பலகை போல விரிந்தது. நடுவில் மேலும் கீழுமாக இரண்டு உருளைகள், பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. இன்னொரு பெட்டியில் ஒரு பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டிய பலகைகளும், தடித்த பிளாஸ்டிக் தட்டுகளும் இருந்தன.

"கரும்பு ஜூஸ் மெஷினாலே?" என்று கேட்டேன்.

"மேடம் கரும்பைக் கண்ணால கண்டிருக்குமா மாப்ளே? சப்பாத்தி தேய்க்குத மெஷினா இருக்கும்."

அவனுடைய உம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். அவரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். "ரெண்டும் இல்ல. துணி பிழியுத மெஷின். உருளையைப் பாத்தாலே தெரியலையா?" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. அப்போதுதான் அலசி வைத்திருந்த மகனின் லுங்கியை மடித்து உருளைக்குள் கொடுத்தார். இடைவெளி அதிகமாக இருந்ததால் லுங்கி நனைந்தபடியே அந்தப் பக்கம் வந்து விழுந்தது. மாமி யோசித்தார். கீழே ஒரு ஸ்பாஞ்ச் பலகை, அதன்மேல் லுங்கி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு என்று அடுக்கி மறுபடியும் கொடுத்தார். இந்தத் தடவை உருளை கப்பென்று பிடித்தது. பலம் கொண்ட மட்டும் கைப்பிடியைச் சுற்றினார். நறநறவென்று ஒரு சத்தம். தண்ணீரும் பொலபொலவென்று கொட்டத்தான் செய்தது.

"பாத்தியளா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, லுங்கியைக் காயப்போட ஓர் உதறு உதறினார். நீலக் கட்டம் போட்ட சின்னச் சின்னச் சதுரங்கள் தரையெல்லாம் உதிர்ந்தன.

கூட்டாளி லுங்கியைத் தூக்கிப் பிடித்தான். வரிசையாக விழுந்திருந்த ஜன்னல்களில் ஒன்று வழியாக அவன் முகம் எனக்குத் தெரிந்தது. மாமி மட்டும் அசரவில்லை. "தண்ணி நல்லாத்தான் பிழியுது" என்றார்.

அன்று சாயங்காலமே அவன் மெஷினை பைக்கில் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். என் அக்கா தையல் தைப்பாள். அதனால் இது அவளிடம் இருப்பதுதான் நியாயம் என்றான். "எங்க வீட்ல கிடந்தா பெருநாளைக்கு உடுத்த எனக்குத் துணி மிஞ்சாதுக்கா. நீயே வச்சுக்க."

அக்கா அந்தச் சதுரங்களைக் கையில் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கைத் தரையில் தட்டினாள். ஒரு நூல்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரே அளவில் வெட்டுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். எங்கள் பகுதியில் பாதி வீடுகளைப் போல எங்கள் வீடும் பீடி சுற்றும் வீடு. ஈர இலையின்மேல் சின்னத் தகடு ஒன்றை வைத்து, அதைச் சுற்றிக் கத்தரியால் வெட்ட வேண்டும். அம்மா அதைச் செய்துகொண்டிருந்தாள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று பீடித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் பி.காம். வேறு. அதையெல்லாம் நான் படிக்கும்போது எதிரே அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். அத்தான் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றிப் போகும் லாரியில் டிரைவர். வாரத்தில் பாதி நாள் அவர் ரோட்டில்தான் இருப்பார் என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா எங்களோடுதான் இருந்தாள். இலவச வகுப்பு ஒன்றில் தையல் கற்றுக்கொண்டு, பீடி சுற்றிய நேரம் போக மிச்ச நேரத்தில் தெருக்காரர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள்.

"ஏலே, பெட்டிக்குள்ள புஸ்தகம் கிடக்கு பாரு. என்ன போட்டிருக்கு, வாசி" என்றாள்.

வாசித்தேன். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறவர்களுக்கான மெஷின் அது. பலகையில் ஸ்பாஞ்சுக்குள் பிளேடு ஒளிந்திருக்கிறது. அதன்மேல் துணியை ஐந்தாறு மடிப்பாக வைத்து, தட்டால் மூடி, உருளைக்குள் விட்டால் ஸ்பாஞ்ச் அமுங்கி பிளேடு மேலே வந்து வெட்டும். நான் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஸ்பாஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடும்மா! உள்ள பிளேடு இருக்கு."

"அதை மொதல்லயே வாசிக்கதுக்கு என்னலே?"

போனில் வீடியோ தேடிக் காட்டினேன். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு அம்மாள் சதுரங்களையும் முக்கோணங்களையும் வெட்டி, அடுக்கி, தைத்து, ஒரு கட்டில் நிறையப் பூக்கவைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் பாதி சுற்றிய பீடி அப்படியே நின்றது. அதுவரை அவள் கை அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

முதலில் வெட்டியது பழைய தலையணை உறை. அக்கா அடுக்கினாள், நான் சுற்றினேன். முறுக்கைக் கடிப்பது போன்ற அந்தச் சத்தம் வந்ததும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். தட்டைத் தூக்கினால் உள்ளே சதுரங்கள் இட்லி மாதிரி அதது அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அக்கா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஆளாளுக்கு ஒரு சுற்று. "மாவாட்டுததுக்கு இது எவ்வளவோ தேவலை" என்று அம்மாவும் சுற்றினாள். வெட்டுவதற்குத் துணி தேடி அலமாரியைக் கலைத்ததில் நான் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டைக்கே ஆபத்து வந்தது.

முக்கோணப் பலகையை எடுத்தபோதுதான் ஒரு சந்தேகம். வெட்டிய ஒவ்வொரு முக்கோணத்திலும் கூர்முனை கொஞ்சம் குறைந்திருந்தது.

"எலி கடிச்ச மாதிரி இருக்கே. அதான் அந்த அம்மா தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கா" என்றாள் அம்மா.

மறுபடியும் புத்தகம். இரண்டு முக்கோணங்களைச் சேர்த்து வைத்தால் முனைகள் சரியாகப் பொருந்துவதற்காக வேண்டுமென்றே அப்படி வெட்டுகிறதாம். அக்கா இரண்டை எடுத்து வைத்துப் பார்த்தாள். "ஆமாலே. மூக்கும் மூக்கும் பொருந்துது" என்றாள். மஞ்சளும் பச்சையுமாக எட்டு முக்கோணங்களைத் தரையில் சுற்றி வைத்தாள். பிள்ளைகள் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஓலைக் காற்றாடி மாதிரி வந்தது. அவளே அதற்குக் காற்றாடி என்று பெயர் வைத்தாள்.

நான் தென்காசியில் ஓர் ஆன்லைன் சேவைக் கடையில் வேலை பார்க்கிறேன். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வரி வேலைகளுக்காக அங்கே வருவார். ஒருநாள் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். அவருடைய லாட்ஜில் தங்கிய யாரோ, பழுப்பு நிறக் கம்பளி ஒன்றைப் படம் பிடித்து நெட்டில் போட்டிருந்தார்கள். கீழே சிரிக்கும் பொம்மைகள்.

"போர்வையைப் போட்டோ எடுத்து மானத்தை வாங்குதானுவ தம்பி. அருவியைப் படம் எடுங்கலேன்னா போர்வையை எடுக்கானுவ."

நான் என் போனை எடுத்து, தரையில் பரப்பியிருந்த காற்றாடியின் படத்தைக் காட்டினேன். அக்கா போர்வை தைப்பாள் என்றேன். இன்னும் ஒன்றுகூடத் தைத்ததில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "சீசன் சூடு பிடிக்கதுக்குள்ள கட்டில் அளவுக்கு ஒண்ணு கொண்டு வாங்க. பிடிச்சிருந்தா எல்லா ரூமுக்கும் போட்டுருவோம். இல்லாட்டி நான் ஈரோட்டுல மொத்தமாச் சொல்லிருவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள், சுற்றிக் கொடுப்பதற்கான இலை வாங்கப் பீடிக்கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

"ரெண்டையும் சேத்துப் பாத்தா ரெண்டும் உருப்படாது. இதை ஒருதடவை ஒழுங்காச் செஞ்சு பாத்துருதேன்" என்றாள்.

"கோட்டி பிடிச்சிருக்கா ஏட்டி உனக்கு? கடையில பேரு போச்சுன்னா திரும்ப வாங்க முடியுமா?" என்றாள் அம்மா.

முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பீடிக்கடை அண்ணாச்சியே தெருவில் வைத்து அக்காவிடம் சொன்னார், குறிப்பிட்ட திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் அவளுடைய இலையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாக. கோபமாகச் சொல்லவில்லை, இலைக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆக, அந்தத் திங்கட்கிழமைக்குள் ஒரு போர்வை தேற வேண்டும். தேறாவிட்டால் அக்கா பழையபடி தட்டை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் கவலைப்பட்டாளோ என்னவோ, நான் கவலைப்பட்டேன்.

தென்காசிக் கடைகளில் கட் பீஸ் வாங்கி வந்தேன். சாயம் போகிறதா என்று பார்க்க அக்கா எல்லாவற்றையும் ஒருதடவை அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டாள். நாங்கள் வெட்டினோம். கூட்டாளி லீவில் வேறு வேலை இல்லாததால் தினமும் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். கத்தரியால் என்றால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும் வேலை. இரண்டு மூன்று சாயங்காலங்களில் கூடைகள் நிறைந்துவிட்டன. தையல் முழுக்க அக்காவுடையது. சதுரங்களும் காற்றாடிகளும் மாறி மாறி வரிசையாகச் சேர்ந்துகொண்டே வந்தன.

மேல்பக்கம் முழுக்கச் சேர்ந்த அன்று, அது ஒரு சனிக்கிழமை, அம்மாவின் கட்டிலில் விரித்தோம். கட்டில் தெரிந்தது. தலைப்பக்கம் இழுத்தால் கால்பக்கம் தெரிந்தது. கால்பக்கம் இழுத்தால் தலைப்பக்கம். அகலத்திலும் ஒரு சாண் குறைந்தது. போதாததற்குக் காற்றாடிகள் எல்லாவற்றுக்கும் நுனி மழுங்கியிருந்தது.

"இது போர்வையா, குளிச்சிட்டுத் துவட்டுத துண்டா மாப்ளே?" என்றான் கூட்டாளி.

எனக்குப் புரியவே இல்லை. எத்தனை துண்டு, ஒவ்வொன்றும் என்ன அளவு என்று நான்தான் கணக்குப் போட்டேன். ஸ்கேலை எடுத்து, மீந்த துண்டுகளை அளந்தேன். அப்படியே சரியாக இருந்தது. கணக்கும் சரி, மெஷினும் சரி. பிறகு போர்வையைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் ஒவ்வொரு தையலுக்கும் வெளியே அரை இஞ்ச் துணி தாராளமாக நின்றது.

"அக்கா, ஓரத்துல கால் இஞ்ச் விட்டுத் தைக்கணும்னு சொன்னேம்லா. இது அரை இஞ்ச் நிக்குதே."

"கால் இஞ்ச் விட்டா நாளைக்கு எப்படிலே பிரிச்சு விட முடியும்?" என்றாள் அக்கா, எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல.

"எதுக்குப் பிரிச்சு விடணும்?"

"உடம்பு போட்டா பிரிச்சு விட வேண்டாமா?" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

ஜாக்கெட் தைக்கிற யாரும் உள்ளே துணியை மிச்சம் பிடித்துத்தான் தைப்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வரும் பெண், அதே ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஒரு தையலைப் பிரித்தால் அவளுக்குச் சரியாகிவிட வேண்டும். துணியை அடிவரை இறுக்கித் தைத்தால் அந்தத் தையல்காரியிடம் தெருவில் யாரும் திரும்பி வரமாட்டார்கள். அக்காவின் கை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அதன் வழக்கப்படியே போயிருக்கிறது.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "ஏட்டி, போர்வை என்ன பிள்ளை பெறவா போகுது?"

கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்கா போர்வைக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்து நான் தோளைத் தொட்டேன். நிமிர்ந்தவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் வந்த தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் முகம் மாறியது. பீடிக்கடை அண்ணாச்சி சொன்ன திங்கட்கிழமைக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.

"ஈரோட்டுக்காரனுக்கு லாபம்" என்றேன் நான். எனக்கு அவ்வளவுதான் தோன்றியது.

அக்கா போர்வையின் பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நீ என்னலே இப்படிப் பேசுத? துணி எங்கயும் போகலையே. விட்டது எல்லாம் உள்ளதான இருக்கு. ஜாக்கெட்டைப் பிரிச்சு விடுத மாதிரி இதையும் பிரிச்சு விட்டாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் போர்வையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா, அம்மா, நான், கூட்டாளி, விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்த மாமி. ஆளுக்கொரு பிளேடு. தையலைப் பிரிப்பது பொறுமையான வேலை. துணியில் பட்டுவிடாமல் நூலை மட்டும் அறுக்க வேண்டும்.

"உம்மா, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. ஒரு லுங்கி போனது போதும்" என்றான் கூட்டாளி.

"போலே மூதி. நான் அந்த லுங்கியை வெட்டலைன்னா இன்னிக்கு இந்தப் போர்வை ஏது?" என்றார் மாமி.

ஒரு வரிசை பிரிந்ததும் அக்கா மெஷினில் உட்கார்ந்து மறுபடி தைப்பாள். கை பழக்கத்தில் மறுபடியும் உள்ளே போய்விடக் கூடாது என்று, ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி, மருந்துக்கடையில் வாங்கிய பிளாஸ்திரியை நாலைந்து மடிப்பாக ஒட்டி ஒரு வரப்பு கட்டிக் கொடுத்தேன். துணியின் ஓரம் அந்த வரப்பை உரசிக்கொண்டே போனால் போதும். அப்படியும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, விலகுது, விலகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நீ பேசுததுலதாம்மா விலகுது" என்றாள் அக்கா. மத்தியானம் மாமி வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. அதைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று அக்கா எல்லோரையும் வாசலுக்கு விரட்டினாள்.

பழைய தையல் இருந்த இடத்தில் ஊசி குத்திய துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. எனக்கு அது உறுத்தியது. தண்ணீர் பட்டால் நூல் உப்பி மூடிக்கொள்ளும் என்று அக்கா சொன்னாள். சாயங்காலம் கட்டிலில் விரித்தபோது போர்வை நான்கு பக்கமும் இறங்கித் தொங்கியது. காற்றாடிகளுக்கு நுனி முளைத்திருந்தது. கூட்டாளி தன் போனில் படம் எடுத்து, வளைகுடாவில் சமையல்காரருக்கு அனுப்பினான்: "உன் மைக்ரோவேவால் இது முடியுமா?"

அந்த வாரத்தில் உள்துணியும் அடித்துணியும் வைத்துத் தைத்தாள். உள்ளே பஞ்சு வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் எங்கள் தையல் மெஷின் தடிமனைக் கண்டதும் ஊசியை உடைத்தது. வேறு வழியில்லாமல் துவைத்த பருத்தி வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் அக்காவும் அம்மாவும் நானும் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். தென்காசியில் இறங்கி பஸ் மாறும்போதே தூறல். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் போர்வை. அக்கா அதை மடியைவிட்டு இறக்கவில்லை. இலஞ்சி தாண்டியதும் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது.

லாட்ஜ் அண்ணாச்சி வரவேற்பு மேசையில் போர்வையை விரித்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கைகளுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. சாரல்ல காயுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அளவு, நிறம், நுனி என்று எல்லாவற்றையும் யோசித்தோமே தவிர, இதை யாரும் யோசிக்கவில்லை. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கைக்குட்டை காய்வதே பெரிய காரியம்.

"கம்பளி ஏன் அந்த நாத்தம் நாறுதுங்கிய? காயாமதான். இதுவும் அப்படின்னா நான் ரூபாய் குடுத்து நாத்தம் வாங்கினதாகும்" என்றவர், உள்ளே வேலை பார்க்கும் அம்மாளைக் கூப்பிட்டார். அக்கா என்ன ஏது என்று கேட்பதற்குள் போர்வை வாளித் தண்ணீருக்குள் போய்விட்டது. மஞ்சளும் பச்சையும் முங்கின. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாஷிங் மெஷினில் போட்டுச் சுற்றி எடுத்து, மேல்மாடியில் தகரக் கூரைக்குக் கீழே கொடியில் போட்டார்கள்.

"சாயங்காலம் வாங்க. காஞ்சிருந்தாப் பேசுவோம்" என்றார் அண்ணாச்சி.

எங்களுக்கு ஒரு பகல் முழுக்க மிச்சம் கிடந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அக்கா அருவியில் குளித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சீசன் என்றால் எங்கள் வீட்டில் இலை நமத்துப்போகிற காலம், அவ்வளவுதான். அம்மா அவளை இழுத்துக்கொண்டு ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போனாள். நான் ஆண்கள் பக்கம் நின்று, முதுகில் தண்ணீர் அடிக்கும் அடியில் என் கவலை எல்லாவற்றையும் மறந்தேன். வெளியே வந்தால் அக்கா ஏற்கனவே நின்றுகொண்டிருந்தாள், உதடு நடுங்க, முகமெல்லாம் சிரிப்பாக.

"உள்ள போனவளை வெளிய இழுத்துட்டு வர நான் பட்ட பாடு" என்றாள் அம்மா. "ரெண்டுவாட்டி வரிசையில நின்னு திரும்பப் போயிட்டா."

மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். மங்குஸ்தான் வாங்கி, உடைக்கத் தெரியாமல் உடைத்து, அதன் சாயத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டோம். நடுவே மேகம் விலகி, அரை மணி நேரம் மெல்லிய வெயில் அடித்தது. காற்றும் வீசியது. ஒவ்வொரு தடவை காற்று வீசும்போதும் அக்கா லாட்ஜ் இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தூறல். "போச்சு" என்றாள். பஜ்ஜியை நீட்டினேன், அதையும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் போனபோது நேராக மாடிக்கு ஏறினோம். கொடி வெறுமையாக இருந்தது.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை. கீழே வந்து அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் கையை விரித்தார்.

"காஞ்சுதான்னு நான் இன்னும் தொட்டே பாக்கலை தம்பி. அதுக்குள்ள அந்த மூலை ரூம் பாப்பா உருவிட்டுப் போயிட்டா. நீங்களே பாருங்க."

வராந்தாவின் கோடியில் ஒரு சின்னப் பெண் தலையோடு கால் போர்வையைப் போர்த்திக்கொண்டு, மிச்சத்தைத் தரையில் இழுத்தபடி நடந்துகொண்டிருந்தாள். அருவியில் நனைந்த தலை. மதுரையிலிருந்து வந்த குடும்பம். அவளுடைய அம்மா பின்னாலேயே, "அது வேற யாரோடதோ, குடுத்துரு கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டு வந்தார். பாப்பா கொடுப்பதாக இல்லை.

அக்கா அவளுக்கு முன்னால் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். "எங்க, அக்கா ஒருதடவை தொட்டுப் பாத்துக்கிடுதேன்" என்றாள். பாப்பா ஒரே ஒரு மூலையை மட்டும் கொடுத்தாள். அக்கா அதை விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், புரட்டித் தையல் ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் மூடியிருந்தன. "காஞ்சிருக்குலே" என்றாள் என்னிடம். வேட்டித் துணிக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. காற்று அப்படியே ஊடுருவிப் போயிருக்கிறது.

"இது சுத்துமா?" என்று பாப்பா காற்றாடியைக் காட்டிக் கேட்டாள்.

"நீ ஓடினா சுத்தும்" என்றாள் அக்கா.

ஓடினாள். சுற்றியதா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி கட்டிலுக்கு ஒன்று வீதம் எல்லா அறைகளுக்கும் தைத்துத் தரச் சொன்னார். நிறம் ஒவ்வொரு அறைக்கும் வேறு வேறாக இருக்கட்டும் என்றார். துவைக்கக் கொடுத்தால் மாறிப்போகாது. முடிய முடியக் கொண்டு வந்தால் போதும் என்றார். அந்த முதல் போர்வையை வாங்கிக்கொள்ளப் பாப்பாவின் அப்பா கேட்டபோது, "அது எங்க லாட்ஜோடது சார், வேணும்னா அடுத்த சீசனுக்கு இங்கனயே வந்து போத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அம்மாவுக்கு இடம் கிடைத்தது. அக்காவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் தலை இன்னும் காயவில்லை. பஸ் தென்காசிக்குள் நுழையும்போது என்னிடமிருந்து போனை வாங்கி, பீடிக்கடை அண்ணாச்சிக்குப் போட்டாள். சத்தத்தில் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அண்ணாச்சி, நாந்தான். திங்கக்கிழமைக்கு நான் வரலை. ஆமா, என் இலையை வேற யாருக்காவது குடுத்துருங்க... இல்ல அண்ணாச்சி, உங்க மேல சடவு ஒண்ணும் இல்ல. போர்வை தைக்குத வேலை வந்திருக்கு. நிறைய வந்திருக்கு."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அக்கா சிரித்தாள். போனை என்னிடம் கொடுத்தாள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவுக வீட்டுக்கும் ஒண்ணு வேணுமாம்லே" என்றாள்.